ஆடிக்கும் பாலிசிக்கும் நடுவே

1

இன்று காலை காப்பி ஆறிக்கொண்டிருந்தபோது கைபேசியில் ஒரு செய்தி வந்தது. எங்கள் வீட்டுக் காப்பீடு இந்த மாதக் கடைசியோடு முடிகிறது, புதுப்பிக்க வேண்டும் என்றார்கள். இந்த மாதிரிச் செய்திகளை என் மகன் குமரன் திறக்காமலே தள்ளிவிடுவான். நான் மூன்று தடவை படிப்பேன். மூன்றாவது தடவையில்தான் கடைசிக் கேள்வி கண்ணில் பட்டது. கடந்த ஓராண்டில் வீடு தொடர்ந்து முப்பது நாளுக்கு மேல் ஆளில்லாமல் இருந்ததா? கீழே ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள்.

"இல்லை" என்ற கட்டத்துக்குப் போன விரல் நின்றுவிட்டது. போன வருஷம் இதே கேள்வி எங்கள் வீட்டில் நான்கு பேரையும் நிம்மதியாகச் சோறு சாப்பிட விடவில்லை. ஊரில் இப்போது நீங்களும் பாங்கிக் கடனில்தான் வீடு வாங்குகிறீர்கள் என்று கேள்விப்படுகிறேன். அதனால் நடந்ததை எழுதி வைக்கிறேன்.

2

ஆரணியை விட்டுப் புணேக்கு வந்து நாற்பத்தொரு வருஷம் ஆகிறது. ராணுவக் கணக்கு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். இதுவரை எட்டு வாடகை வீடுகள். எட்டாவது கசார்வாடியில், பழைய மும்பை ரோட்டுக்குப் பின்னால். கீழே லேத்துப் பட்டறை. காலை ஒன்பது மணிக்கு இரும்பு கத்த ஆரம்பிக்கும்.

சாகணில் கார் தொழிற்சாலையில் எஞ்சினியராக இருக்கும் குமரன் ஆகுர்டியில் மூன்றாவது மாடியில் ஒரு வீடு பார்த்தான். மூன்று அறை, ஒன்பது குழாய், பதினொரு ஜன்னல். குழாயை ஏன் எண்ணுகிறீர்கள் என்று கேட்டான். பின்னால் தெரியும் என்றேன். தெரிந்தது.

கடன் தந்த பாங்கியில் ஒரு சின்னப் பெண், இந்தியில் மளமளவென்று பேசினாள். காப்பீடு எடுத்தால்தான் காசோலை வெளியே வரும் என்றாள். குமரன் கைபேசியிலேயே விரலால் கையெழுத்துப் போடப் போனான். நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்க ஆரம்பித்தேன். ஆறாவது கேள்வியில் அவன் காது சிவந்துவிட்டது.

"நம்ம வீட்டால பக்கத்து வீட்டுக்காரங்களுக்கு நஷ்டம் வந்தா?"

"அதுக்குத் தனியா ஒண்ணு இருக்காம். அதெல்லாம் வேணாம்பா. யாருக்கு நாம நஷ்டம் பண்ணப் போறோம்?"

"எடு" என்றேன். எடுத்தான்.

நான் ஏன் அப்படிப் பிடிவாதம் பிடித்தேன் என்று சொல்ல வேண்டும். ஆரணியில் எங்கள் சித்தப்பாவின் கூரை வீடு எரிந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. தெருவே சேர்ந்து மூங்கிலும் கீற்றும் கொண்டுவந்து பத்தே நாளில் கூரை போட்டுக் கொடுத்தது. கேட்க நன்றாக இருக்கும். அதற்கப்புறம் சித்தப்பா ஒரு புது வேட்டி கட்டினாலும், "கீத்து குடுத்தவன் நான்" என்று சொல்ல ஆள் இருந்தது. அடுப்பை யார் அணைக்காமல் போனது என்ற விசாரணை அவர் சாகும்வரை ஓயவில்லை. அந்தக் காலத்திலும் பிரீமியம் உண்டு. அவர் அதை வாயைப் பொத்திக்கொண்டு கட்டினார். பணமாகக் கட்டிவிட்டு நிமிர்ந்து நடப்பது மேல் என்பது என் எண்ணம்.

3

பில்டர் சாவியைக் கையில் கொடுத்தபோது ஆனி முடியும் தறுவாய். பஞ்சாங்கத்தில் ஒரே ஒரு முகூர்த்தம் மிச்சம்.

"ஆடி பொறந்துட்டா நான் அந்தப் படி ஏற மாட்டேன்" என்றாள் என் மனைவி ராஜம். "இப்பவே பாலைக் காய்ச்சிடுவோம். சாமான் எல்லாம் ஆவணியில போகட்டும்."

காஸ் இணைப்பு வரவில்லை. பால் காய்ச்ச மின்சார அடுப்பு ஒன்றைக் குமரன் வாங்கி வந்தான். அது படித்த அடுப்பு. பால் பொங்க வரும்போதெல்லாம் கீச்சென்று கத்திவிட்டுத் தானாகவே நின்றுகொண்டது. பொங்காத பால் எதற்கு ஆகும்? இரண்டாவது தடவையும் நின்றதும் ராஜத்தின் முகம் வெளுத்தது. மருமகள் சாயலிதான் காரியத்தைச் சரிபண்ணினாள். அவள் மராத்திப் பெண், பிம்ப்ரியில் பிறந்து வளர்ந்தவள்.

"எங்க வீட்டிலயும் பால் பொங்கணும் அம்மா. இருங்க" என்று சின்னப் பாத்திரமாக எடுத்து விளிம்புவரை ஊற்றி வைத்தாள். பால் பொங்கி அடுப்பின் கண்ணாடி முழுக்க வழிந்தது. அடுப்பு ஒரு தடவை விக்கிவிட்டு உயிரை விட்டது. இதற்கு வாரண்டி உண்டா என்று கேட்டேன். எல்லோரும் சாமி கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

விளக்கை ஏற்றி வைத்துவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு, கசார்வாடிக்குத் திரும்பினோம்.

ஆடி ஐந்தாம் தேதி பாலிசி மின்னஞ்சலில் வந்தது. ஜெராக்ஸ் கடையில் கொடுத்து அச்செடுத்துப் படித்தேன். பத்தொன்பதாம் பக்கத்தில் எனக்கு வியர்த்தது. சாயங்காலம் குமரன் ஷூவைக் கழற்றும்வரைகூட என்னால் பொறுக்க முடியவில்லை.

"பத்தொம்பதாம் பக்கம் படிச்சியா?"

"பத்தொம்பது பக்கம் இருக்குங்கறதே நீங்க சொல்லித்தான் தெரியும்."

"வீடு முப்பது நாளுக்கு மேல ஆளில்லாம கிடந்தா முன்கூட்டியே எழுதிக் குடுக்கணும். இல்லன்னா நஷ்டம் வந்தா ஒத்தப் பைசா கிடையாது."

"அதான் நாம குடி போயாச்சே."

"எங்க போனோம்?"

"பால் காய்ச்சின அன்னிக்கு அந்த பாங்கிப் பொண்ணு போன் பண்ணி, ஷிஃப்ட் ஆயிட்டீங்களான்னு கேட்டா. ஆயாச்சுன்னு சொல்லிட்டேன்."

அவன் பொய் சொல்லவில்லை. பால் பொங்கிவிட்டால் நம் கணக்கில் குடிபுகுந்தாயிற்று. வீடு பூட்டிக் கிடந்தாலும் அது நாம் குடிபுகுந்த வீடுதான். பாங்கிப் பெண்ணுக்கு அந்தக் கணக்கு எப்படித் தெரியும்? காகிதத்தின்படி நாங்கள் நான்கு பேரும் ஆகுர்டியில் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறோம்.

"எழுதிக் குடுத்துடலாம்" என்றேன்.

"இப்பப் போய் காலியா இருக்குன்னு எழுதினா, அன்னிக்கு ஏன் அப்படிச் சொன்னேன்னு கேப்பாங்க. பில்டருக்குக் கடைசித் தவணை இன்னும் போகலப்பா. அதை நிறுத்தி வச்சுட்டா?"

"ஆடி எத்தனை நாள் தெரியுமா உனக்கு?"

"ஆடின்னா தள்ளுபடிதானே?" என்றான். இங்கே பிறந்து வளர்ந்தவனுக்குத் தமிழ் மாதம் என்பது, சென்னையிலிருக்கும் அத்தை மகள் அனுப்பும் புடவைக் கடை விளம்பரம்தான்.

ஆடிக்கு மட்டும் முப்பத்தொரு நாள். ஆனியின் மிச்சம், ஆவணியில் முகூர்த்தம்வரை எல்லாம் சேர்த்தால் முப்பத்தொன்பது.

"இந்த ஞாயித்துக்கிழமையே சாமானோட போயிடலாமே அப்பா" என்றாள் சாயலி.

ராஜம் குழம்பைக் கிளறிக்கொண்டே, திரும்பாமல் சொன்னாள். "போங்க. நல்லா இருங்க. நான் இங்கேயே இருந்துக்கறேன்."

சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது நான் சொன்னேன். "நான் போய் அங்க படுத்துக்கறேன்."

ராஜம் நிபந்தனைகளைச் சொன்னாள். பாய் கூடாது. பாத்திரம் கூடாது. உப்பு, துடைப்பம் கூடவே கூடாது. சாமான் ஏறினால் அது குடிபோனதாகிவிடும். "கைவீசிட்டுப் போங்க, கைவீசிட்டு வாங்க. ஒரு போர்வை எடுத்துக்கலாம். அது உங்க உடம்போட சேர்ந்தது."

காப்பீட்டுக் கம்பெனிக்காக நான் அங்கே இருக்க வேண்டும். ஆடிக்காக நான் அங்கே இருக்கக் கூடாது. முப்பத்தாறு வருஷம் கணக்கெழுதியவனுக்கும் இப்படி ஒரு ஐந்தொகை வந்ததில்லை.

புறப்படும்போது வாசலில் நின்று ராஜம் சொன்னாள். "ஆடியில புதுசா கட்டினதுங்களைத்தான் பிரிச்சு வைப்பாங்க. பேரன் எடுக்கற வயசுல பிரிச்சு வைக்கிற கம்பெனியை இப்பத்தான் பாக்கறேன்."

4

தினமும் சாயங்காலம் கசார்வாடியில் லோனாவ்லா லோக்கல் பிடிப்பேன். பிம்ப்ரி, சிஞ்ச்வட், மூன்றாவது ஆகுர்டி. காலையில் திரும்பி வந்து குளித்துச் சாப்பிடுவேன். ஸ்டேஷனில் டீ விற்பவர் நான் செக்யூரிட்டி வேலைக்குப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டார். நானும் மறுக்கவில்லை.

காலி வீட்டில் தனியாகப் படுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே எல்லாச் சத்தமும் பெரிதாகக் கேட்கும். வெளியே ஆடி மாதத்துப் புணே மழை. நான் எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டு சுற்றி வருவேன். குழாய் ஒவ்வொன்றையும் தொட்டு, திருகி, எண்ணி, ஒன்பது. ஜன்னல் கொக்கிகளைத் தட்டிப் பார்த்துப் பதினொன்று. படுப்பேன். எட்டாவது குழாயைச் சரியாகத் திருகினேனா என்று சந்தேகம் வரும். மறுபடி முதலிலிருந்து.

ஒரு வாரம் இப்படிப் போனது. ஒரு நாள் நான் சாயங்காலம் லிஃப்டை விட்டு இறங்கும்போது, கீழ் வீட்டு ஜோஷி காகு எனக்காகக் காத்திருந்தார். காகு என்றால் நம் ஊரில் சித்தி, அத்தை என்பதுபோல மரியாதைச் சொல்; ஆண் என்றால் காகா. பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், தனியாக இருப்பவர். மகள் வெளிநாட்டில். அவர் மராத்தியில் பேசியதை நம் பேச்சில் தருகிறேன்.

"காகா, உங்களுக்குத் தூக்கமே வராதா? என் தலைக்கு மேல டக் டக்னு நடக்கறீங்க. ஜன்னலைத் தட்டறீங்க. இப்பத்தான் புதுசா ஃபால்ஸ் சீலிங் போட்டிருக்கேன். அதுவும் சேர்ந்து அதிருது."

மன்னிப்புக் கேட்டேன். செருப்பைக் கழற்றிவிட்டு நடந்து பார்த்தேன். தட்டுவதை மட்டும் விட முடியவில்லை. இரண்டு நாள் கழித்துக் குடியிருப்போர் வாட்ஸப் குழுவில் அவர் புகார் எழுதினார். மூன்றாவது மாடியில் இரவு முழுக்க ஒருவர் உலாத்துகிறார், நிர்வாகம் கவனிக்க வேண்டும் என்று. அதற்கு ஏழு பேர் கட்டை விரலைத் தூக்கிக் காட்டியிருந்தார்கள்.

குமரன் கைபேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினான். "இன்னும் குடியே வரல. அதுக்குள்ள சொசைட்டி முழுக்க நம்ம பேரு நாறிப் போச்சு."

எனக்கு அவமானமாகத்தான் இருந்தது. அலுவலகத்தில் இத்தனை வருஷத்தில் என்மேல் ஒரு புகார் வந்ததில்லை.

5

ஆடி முடிய நான்கு நாள் இருக்கும்போது, கசார்வாடியில் மோர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். காவலாளி போன் செய்தார். "சாப், உங்க வீட்டுத் தண்ணி படியில இறங்கிட்டிருக்கு."

மத்தியானத்தில் லோக்கல் கிடையாது. ஆட்டோவில் ஏறினேன். மழையில் பாலத்துக்கடியில் ஆட்டோ நின்றுவிட்டது. இன்னொரு ஆட்டோ பிடித்தேன். போய்ச் சேர்ந்தபோது கதவிடுக்கு வழியாகத் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. நான் தினமும் தொட்டு எண்ணிய ஒன்பது குழாய்களும் ஒழுங்காக மூடியிருந்தன. சமையலறைத் தொட்டிக்கு அடியில், சுவரையும் குழாயையும் இணைக்கும் வளைகுழாய் பிடுங்கிக்கொண்டு கிடந்தது. அதை நான் எண்ணவில்லை.

கீழே ஓடினேன். ஜோஷி காகுவின் கூடத்தில் ஃபால்ஸ் சீலிங் பாதி பெயர்ந்து தொங்கியது. சோபாவும் மர அலமாரியும் நனைந்திருந்தன. அவர் ஒரு வாளியைப் பிடித்துக்கொண்டு நடுவில் நின்றார். என்னைத் திட்டவில்லை. கத்தவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

வீட்டுக்கு முன்பணம் கட்டியபின் குமரன் கையில் மிச்சமிருந்தது அந்தக் கூடத்துக்குக் காணாது. நான் பிடிவாதமாக எடுக்கச் சொன்ன அந்தத் தனிக் காப்பீடுதான் கதி. கம்பெனிக்குச் சொன்னோம். மறுநாள் பதினொரு மணிக்கு நஷ்டத்தை மதிப்பிடச் சர்வேயர் வருவார் என்றார்கள். கூடவே, வீட்டில் ஆள் குடியிருந்ததற்கான விவரம் தேவை என்றார்கள்.

அன்று சாயங்காலம் கசார்வாடியில் சண்டை.

"ஒரு அடுப்பு, நாலு பாத்திரம், ஒரு கட்டில் போதும்" என்றான் குமரன். "போட்டோ எடுப்பாங்க. அவ்வளவுதான்."

"ஆடியில என் அடுப்பு படி தாண்டாது" என்றாள் ராஜம்.

"அம்மா, ஜோஷி காகு சும்மா விடுவாங்களா? நம்ம கையிலேர்ந்து குடுக்கணும்னா சாயலியோட நகைதான் இருக்கு."

சாயலி கழுத்திலிருந்த தாலிச் சங்கிலியைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள். அதைப் பார்த்த ராஜம் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள்.

"நான் அங்க இருந்தேன்" என்றேன். "இருந்ததைச் சொல்றேன். எதுக்கு நாடகம்?"

"நீங்க இருந்தது இருந்த மாதிரியே இல்லையேப்பா. திருடன் மாதிரி ராத்திரி போயிட்டுக் காலையில வந்தீங்க. யாரு நம்புவா?"

அன்று இரவும் ஆகுர்டிக்குப் போனேன். ஈரத் தரையில் உட்கார்ந்திருந்தேன். உலாத்தவில்லை. கீழே இருந்தவருக்கு இன்னும் என்ன கஷ்டம் கொடுப்பது?

6

காலை பத்தரைக்குக் குமரனின் கார் வந்தது. மாமியார் வீட்டிலிருந்து காஸ் அடுப்பும் ஒரு கூடைப் பாத்திரமும் வாங்கி வந்திருந்தான். அடுப்பைத் தூக்கிக்கொண்டு லிஃப்டிலிருந்து வெளியே வந்தான். நான் வாசலில் நின்றுகொண்டேன்.

"நகருங்கப்பா. நேரமாச்சு."

"இது உள்ள வந்தா நான் வெளிய போயிடறேன். அப்புறம் நிஜமாவே ஆளில்லாத வீடாயிடும்."

"உங்களுக்கு நான் முக்கியமா, இந்தப் பிடிவாதம் முக்கியமா?"

"அடுப்பைப் பார்த்துட்டு, எத்தனை நாளா சமைக்கறீங்கன்னு கேட்டா நீ என்ன சொல்லுவ? அதுக்கு அடுத்த கேள்விக்கு? நான் ஆடிட்டுக்குப் பதில் சொல்லியே கிழவனானவன். ஒரு பொய்க் கணக்கு எழுதினா அதைக் காப்பாத்த ஒன்பது எழுதணும்டா."

அவன் கண் கலங்கியிருந்தது. கோபமா, தூக்கமில்லாததா, தெரியவில்லை. கீழே மோட்டார் சைக்கிள் நிற்கும் சத்தம் கேட்டது. அவன் அடுப்பைத் திரும்பத் தூக்கிக்கொண்டு படியிறங்கினான்.

சர்வேயருக்கு நாற்பது வயதிருக்கும். மழைக்கோட்டை வெளியிலேயே கழற்றி மாட்டினார். வளைகுழாயைப் படமெடுத்தார். கீழே போய் ஜோஷி காகுவின் கூடத்தைப் பார்த்துவிட்டு வந்தார். பிறகு எங்கள் வீட்டில் அறை அறையாக நடந்தார். சமையலறையில் ஒரு விளக்கும் செத்துப்போன மின்சார அடுப்பும். படுக்கையறையில் ஒரு போர்வை.

"இங்கே யார் தங்குகிறார்கள்?" என்று இந்தியில் கேட்டார்.

"நான்."

"சமையல்?"

"கசார்வாடியில்."

"குளியல், துணிமணி?"

"கசார்வாடியில்."

"அப்படியானால் நீங்கள் கசார்வாடியில் தங்குகிறீர்கள்."

அடுப்பைக் காரில் வைத்துவிட்டு மேலே வந்த குமரன் சுவரைப் பார்த்து நின்றான். நான் விளக்க ஆரம்பித்தேன். நாற்பத்தொரு வருஷமாக நான் பேசும் இந்தியில் விடுப்பு, பயணப்படி, நிலுவை எல்லாவற்றுக்கும் வார்த்தை உண்டு. பால் பொங்கியதற்கும், அடுப்பு படி தாண்டாததற்கும், போர்வை உடம்போடு சேர்ந்தது என்பதற்கும் இல்லை. நான் சொல்லச் சொல்ல எனக்கே அது பொய்போலக் கேட்டது. அவர் எதையோ எழுதினார். தலைகீழாகப் படிக்கப் பார்த்தேன். முடியவில்லை.

அப்போது ஜோஷி காகு படியேறி வந்தார். எப்போது வேலை தொடங்கும், கூரை தலையில் விழுந்தபிறகா என்று கேட்டார்.

சர்வேயர் அவரிடம் மராத்தியில் கேட்டார். "அம்மா, இந்த வீடு போன மாசம் பூட்டித்தானே கிடந்தது?"

"பூட்டியா?" என்றார் காகு. முதல் நாள் அவர் அடக்கி வைத்த கோபம் எல்லாம் அப்போதுதான் வெளியே வந்தது. "பூட்டிக் கிடந்திருந்தா நான் தூங்கியிருப்பேனே. இந்த மனுஷன் ராத்திரி பூரா என் தலைமேல நடக்கறார். செருப்பைக் கழட்டச் சொன்னா வெறுங்காலோட நடக்கறார். ஜன்னலைத் தட்டறார். நடுநடுவுல மத்ராஸி பாஷையில எண்றார். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு..." ஒன்பதுவரை தப்பில்லாமல் எண்ணினார். "எனக்கு மனப்பாடமே ஆயிடுச்சு. குழுவுல எழுதினேன். செக்ரட்டரிகிட்ட சொன்னேன். ஒருத்தரும் கேக்கல. நீங்க கம்பெனிக்காரர்தானே, இவர் நடக்கறதை நிறுத்த உங்க சட்டத்துல ஏதாவது இருக்கா?"

சர்வேயரின் பேனா நின்றது. "எந்தெந்தத் தேதியில் எழுதினீர்கள்?" என்றார்.

காகு கைபேசியை எடுத்து ஒவ்வொன்றாகக் காட்டினார். ஐந்து புகார்கள். இரண்டு மட்டும்தான் எனக்குத் தெரியும். சர்வேயர் ஐந்தையும் படமெடுத்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்தார். "ஒன்பது எதற்கு?"

"குழாய்" என்றேன்.

அவர் தொட்டிக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டு, "பத்து" என்றார்.

7

கேட்ட தொகையில் கொஞ்சம் வெட்டிக்கொண்டு மீதியைக் கொடுத்தார்கள். ஜோஷி காகுவின் சீலிங் முன்பைவிட நன்றாகவே அமைந்தது என்று அவரே சொன்னார். ஆவணியில் முகூர்த்தம் பார்த்து, உப்பு, துடைப்பம், பாய், ராஜத்தின் அடுப்பு எல்லாம் படியேறின. அடுப்பைக் குமரன்தான் தூக்கிவந்தான். வாசலில் என்னைப் பார்த்து, "இப்ப நகரலாமா?" என்றான்.

உலாத்துவதை நான் விடவில்லை. இப்போது பத்து எண்ணுகிறேன். காகு புகார் எழுதுவதையும் விடவில்லை.

போன வாரம் முழங்கால் வீங்கி, ஒருநாள் என்னால் கட்டிலை விட்டு இறங்க முடியவில்லை. மறுநாள் காலை ஏழு மணிக்கு வாசலில் மணி அடித்தது. ராஜம் திறந்தாள். ஜோஷி காகு இரவு உடையின் மேல் சால்வையைப் போர்த்திக்கொண்டு நின்றார்.

"ராத்திரி ஒரு சத்தமும் கேக்கலயே" என்றார். "காகா நல்லா இருக்காரா?"

முழங்கால் இன்னும் முழுக்க வடியவில்லை. கைபேசியில் "இல்லை" என்ற கட்டத்தை அழுத்திவிட்டேன். இன்றிரவு செருப்பைப் போட்டுக்கொண்டு ஒரு சுற்றாவது நடக்க வேண்டும்.